ஏற்காட்டில் இருந்து ஆபீஸ் வேலை: முதல் முறை போகிறவர்களுக்கு

முதல் தடவை லேப்டாப்போடு ஏற்காடு போனபோது, காலை 10 மணி மீட்டிங்கைப் பஸ்ஸிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வரை எல்லாம் நன்றாகக் கேட்டது. இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு ஏறியதும் குரல் விட்டுவிட்டு வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. மேலே போய் போனைப் பார்த்தால் "இருக்கீங்களா?" என்று வரிசையாக மெசேஜ். டவர் கிடைக்காததற்காக யாரும் கோபப்படவில்லை. "மலை ஏறுறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளை வச்சு முடிச்சிருப்போமே" என்றுதான் டீம் லீட் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: கிளம்பும் முன் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நெட் இல்லாமல் செய்யக்கூடியவை, நெட் இருந்தே ஆகவேண்டியவை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். அறிக்கை எழுதுவது, கணக்கைச் சரிபார்ப்பது, படித்துக் கருத்துச் சொல்வது எல்லாம் மலைக்கு ஏற்றவை. அதற்கான கோப்புகளைச் சேலத்திலேயே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் ஆஃப்லைன் வசதியை வீட்டிலேயே ஆன் செய்து, நெட்டை அணைத்துவிட்டுக் கோப்பு திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாடிக்கையாளருக்கு டெமோ காட்டும் நாளா? அன்றைக்கு மலை வேண்டாம். சேலம் டவுனிலேயே இருந்து முடித்துவிட்டு மறுநாள் ஏறுங்கள்.

பலரும் மறப்பது ஓடிபி. ஆபீஸ் கணக்கில் நுழைய எஸ்எம்எஸ்ஸில் எண் வரவேண்டும் என்றால், டவர் இல்லாத அறையில் லேப்டாப்பைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆபீஸ் அனுமதித்தால் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறுங்கள். அது போனிலேயே எண்ணை உருவாக்கும், டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம்.

படி 2: அறை எடுக்கும்போது சரியான கேள்வி கேளுங்கள்

"வைஃபை இருக்குங்களா?" என்று கேட்டால் எல்லோரும் "இருக்குதுங்க தம்பி" என்றுதான் சொல்வார்கள். ஒரு விடுதியில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இருந்தது, வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் மட்டும். அதனால் இப்படிக் கேளுங்கள்: நான் தங்கப்போகும் அறைக்குள் கிடைக்குமா? கரண்ட் போனால் வைஃபை பெட்டிக்கு பேக்கப் உண்டா? மேசை நாற்காலி இருக்கிறதா? கட்டிலில் உட்கார்ந்து 8 மணி நேரம் வேலை பார்த்தால் முதுகு என்ன ஆகும் என்பது மறுநாள் தெரியும். மே மாதக் கோடை விழா நேரத்தையும் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் ஏறினால் ரோட்டைப் போலவே நெட்டும் நெரிசலாகும்.

படி 3: இரண்டு சிம்

வேறு வேறு நிறுவனத்தின் சிம்களாக இருக்கட்டும். சில்வர் ஓக் மரங்களும் சரிவுகளும் நிறைந்த இடம் இது. காபித் தோட்டத்துக்குள் இருக்கும் அறையில் ஒன்று செத்துக் கிடக்கும், இன்னொன்று ஓடும். அறைக்குப் போனதும் பையைப் பிரிக்கும் முன் ஜன்னல், வராந்தா, மாடி என்று நடந்து எங்கே வேகம் வருகிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் உங்கள் ஆபீஸ். குளிராக இருந்தால் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

போனையும் லேப்டாப்பையும் கேபிளால் இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். ஹாட்ஸ்பாட்டைவிட இணைப்பு நிலையாக இருக்கும், போனுக்குச் சார்ஜும் ஏறும். அறையில் வைஃபை இருந்து டவர் மட்டும் இல்லையென்றால், போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். சாதாரண அழைப்புகள் வைஃபை வழியாக வரும்.

படி 4: மீட்டிங்கில் கேமராவை அணையுங்கள்

ஒரு மணி நேரக் குழு வீடியோ மீட்டிங் ஒரு ஜிபி அளவுக்கு, சில நேரம் அதற்கு மேலும் தின்றுவிடும். குரல் மட்டும் என்றால் 50 எம்பி அளவில் முடிந்துவிடும். தினம் ஒன்றரை ஜிபி பிளான் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். முதல் ஒரு நிமிடம் முகம் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு அணைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மீட்டிங் அழைப்பில் போன் எண் கொடுத்திருந்தால் அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். நெட் முழுக்கப் போனாலும் சாதாரண அழைப்பில் சேர்ந்துகொள்ளலாம்.

படி 5: சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

மற்றதெல்லாம் சொதப்பினாலும் இதைச் சரியாகச் செய்தால் தப்பித்துவிடலாம். முந்தின நாளே குழுவில் இப்படிப் போடுங்கள்:

"புதன், வியாழன் ரெண்டு நாளும் ஏற்காட்டில் இருந்து வேலை பார்க்கிறேன். காலை 10 முதல் 1 வரை கண்டிப்பாக ஆன்லைனில் இருப்பேன். மதியத்துக்கு மேல் நெட் விட்டுவிட்டு வரலாம், அவசரம்னா போன் பண்ணுங்க. புதன் காலை 8 முதல் 10 வரை பயணம்."

நாள் முழுக்க இருப்பேன் என்று சொல்லிப் பாதியில் காணாமல் போவதைவிட, 3 மணி நேரம் சொல்லி அந்த 3 மணி நேரமும் இருப்பது மேல். சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கக் கிளம்பும் முன், முடித்தது என்ன, நின்றது எங்கே, யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று மூன்று வரி அனுப்புங்கள். லண்டன் குழுவோடு வேலை என்றால் நம் மாலைதான் அவர்களுக்கு வேலை நேரம். கோடையில் நம்மைவிட நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். அப்படியானால் நடையைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 6: கரண்ட்

மழையோடு காற்றும் அடித்தால் கரண்ட் போகும். லேப்டாப்புக்கு 65 வாட் தரும் பவர் பேங்க் வாங்குங்கள், போனுக்கான சின்னது உதவாது. 20,000 எம்ஏஎச் கொள்ளளவு என்றால் 74 வாட்-மணி மின்சாரம், இழப்பு போகச் சாதாரண லேப்டாப்பை ஒருமுறை நிரப்பும். இடி இடித்தால் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

இறங்கும் நாளிலும் "இப்போ கிளம்புறேன், ஒன்றரை மணி நேரம் கிடைக்க மாட்டேன்" என்று ஒரு வரி போடுங்கள். 20 வளைவும் இறங்கி அடிவாரம் வந்ததும் நின்ற மெசேஜெல்லாம் மொத்தமாக வந்து விழும். வண்டி ஓட்டுவது நீங்களென்றால், ஓரம் கட்டிவிட்டுப் பாருங்கள்.