ஆடிப் புழுதி வேறு, மார்கழிப் புகை வேறு: செட்டிநாட்டில் காற்று விஷயத்தில் செய்யும் தவறுகள்

ஆடியில் வரும் இருமலுக்கும் மார்கழியில் வரும் இருமலுக்கும் காரணம் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதுதான் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் நடக்கும் முதல் தவறு.

ஆனி, ஆடியில் வீசும் மேற்குக் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு வறண்டு வருகிறது. வற்றிய கண்மாய், செம்மண் பொட்டல், கிரஷர் லாரி ஓடும் சாலை என்று எங்கும் மண்ணைக் கிளப்புகிறது. இது பெரும்பாலும் பருமனான தூசி. மூக்கிலும் தொண்டையிலும் தங்கும், கண்ணை உறுத்தும். நாலாய் மடித்த ஈரத்துணி ஓரளவு தடுக்கும். மார்கழியில் கதையே வேறு. இரவில் தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும். செங்கல் சூளை, கரிமூட்டம், அரிசி ஆலையின் உமிப் புகை, குப்பை எரிப்பு எல்லாம் மேலே போகாமல் தெருவிலேயே தேங்கும். 2.5 மைக்ரானுக்கும் சிறிய இந்தத் துகள் நுரையீரலின் அடிவரை போகும். இதற்குத் துண்டு எதற்கும் உதவாது, என்95 முகக்கவசம்தான் வேண்டும். அதையும் மூக்குக் கம்பியை அழுத்தாமல் போட்டால் ஓரமாகப் புகை உள்ளே வந்துவிடும்.

‘விடியற்காலைக் காற்று சுத்தம்’ என்று எல்லா மாதத்துக்கும் சொல்வது அடுத்த தவறு. ஆடியில் அது சரி. வெயில் ஏற ஏறத்தான் காற்று வலுத்துப் புழுதி கிளம்பும். தையிலும் மார்கழியிலும் ஐந்து மணி நடைதான் மோசம். வெயில் நன்றாக ஏறி, பனி விலகிய பிறகு கிளம்புங்கள். போகியன்று காலையில் ஆஸ்துமாக்காரர்கள் வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

செல்போன் செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணை அப்படியே நம்புவதிலும் சிக்கல் உண்டு. ஒரே காற்றுக்கு இரண்டு அளவுகோல் இருக்கிறது. மேலே சொன்ன 2.5 மைக்ரான் நுண்துகள் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீட்டில் 100, அதாவது ‘திருப்தி’. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150-ஐத் தாண்டி ‘உடலுக்குக் கேடு’ ஆகிவிடும். செயலி எந்த அளவுகோலில் சொல்கிறது, எந்த ஊர் நிலையத்து அளவு என்று முதலில் பாருங்கள். இந்தியக் குறியீடு 24 மணி நேரச் சராசரி என்பதால், மாலை நாலு மணிக்கு அரை மணி நேரம் அடித்த புழுதி அதில் தெரியாமலே போகலாம்.

இனி வீடு. நம் வீடுகள் காற்றோட்டத்துக்குக் கட்டியவை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வாசல்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கும், நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். ஆடி மதியத்தில் அத்தனை கதவையும் திறந்து போட்டால் தெருப் புழுதிக்கு நேர்வழி கொடுத்த மாதிரிதான். மேற்குப் பக்கத்தை மூடி, காற்றடிக்காத பக்கத்தை மட்டும் திறந்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மறக்காமல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மூடிய அறையில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடித்தால் அதுவும் இழுப்பைக் கிளப்பும்.

காற்று சுத்திகரிப்புக் கருவியை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய திறந்த பகுதியில், வைப்பது காசைக் கரியாக்கும் வேலை. மூடிய படுக்கையறையில் வைத்தால்தான் பயன். அங்கேயும் சதுரஅடிக் கணக்கில் வாங்கி ஏமாறுகிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பது சாதாரண உயரத்துக்கான கணக்கு. 12-க்கு 12 அறை, 9 அடி உயரம் என்றால் சுமார் 37 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று மாற, கருவி தரும் சுத்தக் காற்று வேகம் (சிஏடிஆர்) மணிக்கு 185 கனமீட்டர் வேண்டும். நம் பழைய வீட்டில் அதே அறை 14 அடி உயரம் இருந்தால் 57 கனமீட்டர், 285 வேண்டும். கருவிக்குள் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியைத் தண்ணீரில் அலசாதீர்கள். கழுவலாம் என்று குறிப்பேட்டில் இருந்தாலொழிய அதோடு அது வீண். முன்பக்க வலையை மட்டும் பதினைந்து நாளுக்கொரு முறை துடைத்தால் போதும்.

மின்விசிறி சுற்றும்போதே காய்ந்த தரையைப் பெருக்குவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. தரையில் கிடந்த தூசி அப்படியே மூச்சுக்குள் ஏறுகிறது. விசிறியை நிறுத்தி, முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். உள்ளே ஈரத்துணியால் துடையுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் சிமென்ட்டில் செய்தது, அதற்கு ஆசிட் ஆகாது, அரித்துவிடும்.

கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையை அண்டாவில் பிடிக்காதீர்கள். ஓட்டில் மாதக்கணக்கில் படிந்த புழுதியும் கரித்தூளும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கும். முதல் பதினைந்து நிமிடத்தை வாய்க்காலுக்கு விட்டுவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு பிடியுங்கள்.