சும்மா இருக்கும்போதே சிபியு 30 சதவீதம்

எதையும் திறக்காமலே விண்டோஸ் கம்ப்யூட்டரின் ஃபேன் இரைந்தது. டாஸ்க் மேனேஜரில் 'டபிள்யூஎம்ஐ ப்ரொவைடர் ஹோஸ்ட்' 30 சதவீதம் தின்றுகொண்டிருந்தது. அதை நிறுத்துவது வீண், மறுபடி முளைக்கும். கம்ப்யூட்டரின் நிலவரத்தைக் கேட்கும் புரோகிராம்களுக்கு எடுத்துக்கொடுக்கும் விண்டோஸ் பாகம் அது, வெறும் வேலைக்காரன். ஏவுவது வேறொரு புரோகிராம்.

அந்த புரோகிராமைக் கண்டுபிடிக்க, விண்டோஸின் பதிவேடுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூஎம்ஐ-ஆக்டிவிட்டி, ஆபரேஷனல் என்று இறங்கினேன். 5858 எண்ணுள்ள பிழைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றிலுள்ள 'கிளையன்ட் ப்ராசஸ் ஐடி'யை (ஏவிய புரோகிராமின் எண்) டாஸ்க் மேனேஜரின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு புரோகிராமுக்கும் காட்டும் பிஐடி எண்ணோடு ஒப்பிட்டால் ஆள் சிக்கிவிடும். (ரீஸ்டார்ட் செய்தால் எண் மாறும், புதிய பிழையைத்தான் பார்க்கவேண்டும்.)

சிக்கியது, எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் மை அளவு காட்டும் மென்பொருள். அன்இன்ஸ்டால் செய்ததும் 2 சதவீதத்துக்கு இறங்கியது. டபிள்யூஎம்ஐ சர்வீஸையே முடக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், விண்டோஸின் வேறு சில பாகங்களும் அதை நம்பித்தான் ஓடுகின்றன.