ஜாஸ் கேட்பதும் ஆல்பம் சேர்ப்பதும்: மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தொடக்கம்

ஜாஸ் கேட்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக. தேடினால் ‘கேட்டே ஆக வேண்டிய 100 ஆல்பங்கள்’ என்று பட்டியல் வரும். அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரே ஒரு ஆல்பத்தை நன்றாகக் கேளுங்கள். அடுத்து எதைக் கேட்பது என்று அதன் உறையே சொல்லிவிடும். ரெக்கார்டு ப்ளேயரும் இப்போதைக்கு வேண்டாம். செல்போனும் சுமாரான ஒரு ஹெட்போனும் போதும்.

முதல் படி: ஒரு ஆல்பம், ஒரு வாரம்

ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என நியூயார்க்கில் பதிவு செய்து, ஆகஸ்டில் வெளியிட்டார்கள். எல்லோரும் சொல்லும் பெயர்தான். கர்நாடக இசையில் கொஞ்சமாவது காது பழகியவருக்கு இதைவிட எளிய வாசல் இல்லை என்பதால் நானும் இதையே சொல்கிறேன். அதற்கு முந்தைய ஜாஸில் பெரும்பாலும் கார்டுகள் (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது) சட்டுச் சட்டென்று மாறும், வாசிப்பவர் அவற்றின் பின்னாலேயே ஓட வேண்டும். இதிலோ ஒரே ஸ்கேலில், அதாவது ஒரே ஸ்வர வரிசையில், நிதானமாக நின்று வாசிக்கிறார்கள். ஆலாபனை கேட்ட காதுக்கு அந்த நிதானம் உடனே பிடிபடும்.

முதல் உருப்படி ‘சோ வாட்’. இரண்டு கட்டை சுருதி வைத்து கரகரப்ரியா பாடினால் என்ன ஸ்வரங்கள் வருமோ, அதே ஸ்வரங்கள்தான். நான்கு எண்ணிக்கை ஒரு பார் என்று வைத்துக்கொண்டால், 16 பார் அப்படியே போகும். அப்புறம் எட்டு பாருக்கு எல்லாமே அரைக் கட்டை மேலே ஏறும். பிறகு எட்டு பார் பழைய இடத்துக்கு இறங்கும். ஆக 32 பார் ஒரு சுற்று. நம் கச்சேரியில் சுருதி ஆடாமல் நிற்கும், இங்கே அடித்தளமே நகர்ந்து திரும்புகிறது. முதல் தடவை கேட்கும்போது ‘என்னமோ மாறுகிறதே’ என்று மட்டும் தோன்றும். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அந்த ஏற்றத்துக்காகக் காது காத்திருக்கும். அப்படிக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: ஒரு தடவைக்கு ஒரு வாத்தியம்

அதே உருப்படியை மறுபடி போடுங்கள். இந்த முறை பாஸ் (bass, அடிக்குரல் தரும் பெரிய தந்தி வாத்தியம்) மட்டும். தொடக்கத்தில் பால் சேம்பர்ஸ் பாஸில் ஒரு வரி வாசிப்பார், அதற்குப் பியானோ இரண்டே கார்டில் பதில் சொல்லும். இந்தக் கேள்வி பதில் முடிந்து, ஒன்றரை நிமிடம் வாக்கில் டேவிஸின் ட்ரம்பெட் தனியாகப் புறப்படும் இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் தாளத் தட்டில் ஒரு அடி அடிக்கிறார். அது அடங்க வெகுநேரம் ஆகிறது. அந்த முழக்கத்துக்குள்தான் ட்ரம்பெட் தன் முதல் வரிகளை வாசிக்கிறது. எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். செல்போன் ஸ்பீக்கரில் இது காணாமல் போய்விடும். ஹெட்போன் வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தடுத்த தடவைகளில் ஜான் கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸபோன் (கீழ்க் குரல்), கேனன்பால் ஆடர்லியின் ஆல்டோ சாக்ஸபோன் (அதைவிட மேல் குரல்), பில் எவன்ஸின் பியானோ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு சாக்ஸபோனையும் பெயர் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

தாளத்தில் ஆர்வம் உள்ளவர்கள் நடுவில் டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ கேளுங்கள். ‘டைம் அவுட்’ என்ற ஆல்பத்தில் இருக்கிறது, அதுவும் 1959தான். ஐந்து எண்ணிக்கை. கண்ட சாபுவைத் தக-தகிட என்று போடுவோம், இது தகிட-தக என்று திரும்பி நிற்கும். ஜோ மொரெல்லோ டிரம்ஸில் தனி வாசிக்கும்போது ப்ரூபெக் பியானோவில் அதே ஐந்தை விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். தனி ஆவர்த்தனத்துக்குத் தாளம் போடுவதைப் போலத் தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள்.

மூன்றாம் படி: உறையின் பின்பக்கம்

ஜாஸில் ஆல்பத்தின் பெயரைவிட வாசித்தவர்களின் பெயர்கள்தான் வழிகாட்டி. செயலியில் கேட்பவர்களும் யார் யார் வாசித்தது என்று தேடிப் படித்துவிடுங்கள். பிடித்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அவர் வாசித்த அடுத்த ஆல்பத்துக்குப் போக வேண்டும்.

ஒரு வழி காட்டுகிறேன். மைல்ஸ் டேவிஸ் 1969இல் ‘இன் எ சைலன்ட் வே’ வெளியிட்டார். அதில் கிடார் ஜான் மக்லாக்லின். அவருடைய பெயரைத் தொடர்ந்தால் 1976இல் வந்த ‘சக்தி’ ஆல்பம். அதன் உறையில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் ஹுசைனின் தபலா, ஆர். ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயகராமின் கடம். கடம் என்றால் நமக்கு மானாமதுரை! மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வாக்கில்தான். அங்கே ஒரு நல்ல கடத்தைக் கையில் வாங்கி, வாயை வயிற்றோடு அழுத்தியும் விட்டும் தட்டிப் பாருங்கள். அழுத்தும்போது கும்மென்று ஒரு அடிக்குரல் வரும். அதைக் கேட்டுவிட்டு ‘சக்தி’யைப் போட்டால், எத்தனை தாள வாத்தியம் இருந்தாலும் கடம் எங்கே என்று காது தானாகக் கண்டுபிடிக்கும்.

கோல்ட்ரேன் பெயரைப் பிடித்துப் போகிறவர்களுக்கு ‘எ லவ் சுப்ரீம்’. அங்கிருந்து அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. அந்தத் தலைப்பில் இருக்கும் சுவாமி சச்சிதானந்தா கோவை செட்டிபாளையத்துக்காரர். தம்புரா சுருதிக்கு மேலே ஹார்ப் (யாழ் போன்ற வாத்தியம்) மிதந்து வருவதை ராத்திரி நேரத்தில் கேட்க வேண்டும்.

நான்காம் படி: எழுதி, நண்பர்களோடு பகிருங்கள்

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஆல்பம், பதிவான ஆண்டு, வாசித்தவர்கள், அப்புறம் காதில் விழுந்த ஒரு விஷயம். ‘அருமை’, ‘சூப்பர்’ என்று எழுதினால் நாளைக்கு உங்களுக்கே பயன்படாது. ‘மூன்றாவது உருப்படியில் பாஸ் திடீரென்று நின்றுவிடுகிறது’ என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிரும்போதும் அந்த ஒரு வரி இருக்கட்டும். வெறும் அட்டைப்படத்துக்குக் கட்டைவிரல் மட்டும்தான் பதிலாக வரும். கேட்ட இடத்தைச் சொன்னால் இன்னொருவர் அதைத் தேடிப் போட்டுக் கேட்பார், மறுத்தும் பேசுவார். நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டால் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடலாம். ஆளுக்கு ஒரே உருப்படி, அது ஓடும்போது பேச்சுக் கூடாது. இந்த ஒரு விதியில் நான் கறாராக இருப்பேன்.

ஐந்தாம் படி: ரெக்கார்டு வாங்குவது

சில மாதங்கள் கேட்டபின், மறுபடி மறுபடி போடும் ஆல்பம் எது என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும். அதை மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் புது எல்.பி. (ஆல்பம் முழுவதும் அடங்கும் பெரிய ரெக்கார்டு) ஒன்றுக்கே சில ஆயிரங்கள் ஆகும். சி.டி. மலிவு, சத்தத்திலும் குறை இல்லை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பதிவான நாளில் டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பழைய பதிப்புகளில் முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி லேசாக ஏறிக் கேட்கும். 1992இல்தான் திருத்தினார்கள். சுருதிப் பெட்டி வைத்துக்கொண்டு கேட்பவர்கள் திருத்திய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ரெக்கார்டு தேடுவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நடை போகலாம். முன்பு மைக்செட் வைத்திருந்தவர்கள் வீட்டுப் பெட்டிகளிலும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான் இருக்கும், ஜாஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

எதை எடுத்தாலும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ச் சாய்த்துப் பாருங்கள். விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் கை படட்டும். மேலாகத் தெரியும் மயிரிழைக் கோடுகள் பல சமயம் கேட்காது. நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டிக், டிக் என்று வரும், விட்டுவிடுங்கள். நடுத் துளையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாக இருந்தால் நிறைய ஓடிய தட்டு. உறையும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆறாம் படி: நம் ஊர் வெயிலில் வைத்துக் காப்பது

சித்திரை, வைகாசி வெயிலில் மேற்குச் சுவரை ஒட்டியோ காரிலோ வைத்தால் எல்.பி. வளைந்துவிடும். உள்சுவர்ப் பக்கம், நேராக நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. ஆடிக் காற்றில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் ஓட்டினால் காடி (ஊசி ஓடும் பள்ளம்) முழுக்கப் புழுதிதான். மழைக்காலத்தில் அட்டை உறையில் பூஞ்சை பிடிக்கிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். கழுவ வேண்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி, காடி போகும் போக்கிலேயே துடைப்பு. போர்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு காடிக்குள் படியும். நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகளில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். அவற்றுக்கு ஊசியும் வேறு. எல்.பி. ஊசியை அவற்றில் வைக்காதீர்கள்.