சிறுநீரில் அயோடின் அளப்பது: குளோரிக் அமிலம் இல்லாமல், ஆர்செனிக்கைக் குறைத்து

இந்தச் சோதனையை முதன்முதலாகச் செய்யப் போகிறீர்கள் என்றால், லேபில் இருக்கும் செய்முறைத் தாளில் 'குளோரிக் அமிலம்' என்று எங்காவது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தத் தாள் வேண்டாம். அந்த அமிலத்தைத் தயாரிக்கப் பெர்குளோரிக் அமிலம் தேவை, அதன் ஆவி ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு) குழாய்க்குள் படிந்து உண்டாகும் உப்புகள் வெடிக்கக்கூடியவை. சிறுநீரில் சோதனைக்கு இடைஞ்சலான பொருள்களைச் சிதைப்பதுதான் குளோரிக் அமிலத்தின் வேலை, அமோனியம் பெர்சல்ஃபேட்டே அதைச் செய்துவிடும் என்று 1996-இலேயே காட்டிவிட்டார்கள். இங்கே சொல்வது அந்த முறைதான்.

அடிப்படை எளிது. மஞ்சள் நிறச் சீரியம் கரைசலை ஆர்செனிக் மெதுவாக நிறமிழக்க வைக்கும். அயோடின் இருந்தால் அந்த வேலை வேகமாக நடக்கும். சாண்டெல், கோல்தாஃப் என்ற வேதியியலாளர்கள் 1930-களில் கண்டுபிடித்த வினை இது. ஆக, வெடிக்கும் அமிலம் போனாலும் ஆர்செனிக் மிச்சம் இருக்கிறது. ஒரு குழாய்க்கு 12.5 மில்லிகிராம் ஆர்செனிக் ட்ரைஆக்சைடு என்றால், 40 குழாய் போடும் நாளில் அரை கிராம். ஒரு ஆளைக் கொல்ல அதைவிடக் குறைவே போதும். அதனால்தான் கழிவு கேனை எங்கே வைப்பது என்று முடிவு செய்யாமல் வேலையைத் தொடங்கவே கூடாது என்கிறேன்.

சாம்பிள். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கி, குளிரில் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை அதே பாட்டிலில் முக்க விடாதீர்கள், பல ஸ்ட்ரிப்களில் பொட்டாசியம் அயோடைடு இருக்கிறது, ஒரு தடவை முக்கினாலே ரீடிங் எங்கேயோ போய்விடும். போவிடோன் அயோடின் (காயத்துக்குப் போடும் மருந்து) பாட்டில் இருக்கும் அறையும் வேண்டாம், உப்பில் அயோடின் பார்க்கும் மேசையும் வேண்டாம்.

கரைசல்கள். பெர்சல்ஃபேட் 114.1 கிராமை 500 மில்லி தண்ணீரில் கரைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். இந்தத் தூள் மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவர் எடை போட வேண்டாம். காகிதத்திலோ துணியிலோ சிந்தினால் அப்படியே குப்பையில் போடாதீர்கள், தீப்பிடிக்க உதவும் பொருள் அது.

ஆர்செனிக் கரைசலைத் தயாராகவே வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் இந்தச் சோதனையில் மிக ஆபத்தான நேரமே அந்த வெள்ளைத் தூளை எடை போடும் நேரம்தான். வேறு வழியில்லை என்றால் ஹூடுக்குள், கையுறையோடு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது 5 கிராம் தூள், 25 கிராம் சோடியம் குளோரைடு, 200 மில்லி 5 நார்மல் (நார்மல் என்பது செறிவின் அலகு) சல்ஃப்யூரிக் அமிலம் சேர்த்து, மெல்லச் சூடாக்கிக் கரைத்து, ஆறியபின் ஒரு லிட்டராக்குங்கள். சீரிக் அமோனியம் சல்ஃபேட் 24 கிராமை 3.5 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலத்தில் ஒரு லிட்டராகக் கரைக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்றுவோம், தண்ணீரை அமிலத்தில் அல்ல. ஸ்டாண்டர்டுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, அயோடின் அளவு தெரிந்த கரைசல்) 168.6 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடேட்டை 100 மில்லியில் கரைத்தால் மில்லிக்கு 1 மில்லிகிராம் அயோடின் கிடைக்கும், அதிலிருந்து லிட்டருக்கு 20 முதல் 300 மைக்ரோகிராம் வரை நீர்த்துக்கொள்ளுங்கள்.

சூடாக்குவது. 0.25 மில்லி சிறுநீர், 1 மில்லி பெர்சல்ஃபேட், 100 டிகிரி ஹீட்டிங் பிளாக்கில் 60 நிமிடம். பிளாங்க் (சிறுநீருக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய்), ஸ்டாண்டர்டு எல்லாம் சாம்பிளோடு சேர்ந்தே போக வேண்டும். அப்புறம் அறை வெப்பத்துக்கு ஆற விடுங்கள்.

நிறம். 2.5 மில்லி ஆர்செனிக் கரைசல் விட்டு, கலக்கி, 15 நிமிடம் வையுங்கள். பைப்பெட்டில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்து. பிறகு 0.3 மில்லி சீரியம், ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே 15 வினாடி இடைவெளி. முதல் குழாயில் விட்டு சரியாக 30 நிமிடம் ஆனதும், அதே வரிசையில், அதே இடைவெளியில் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் கருவி) 420 நானோமீட்டரில் ரீடிங் எடுங்கள். கண்ணாலேயே தெரியும்: பிளாங்க் நல்ல மஞ்சளாக நிற்கும், 300 மைக்ரோகிராம் ஸ்டாண்டர்டு வெளுத்துக் கிடக்கும். ஃபேனுக்கு நேர் கீழே செய்யாதீர்கள், வெப்பம் மாறினால் வினையின் வேகமும் மாறிவிடும்.

கழிவு. ரீடிங் முடிந்த குழாயிலும் ஆர்செனிக் அப்படியே இருக்கிறது, ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது, அவ்வளவுதான். எல்லாவற்றையும், முதல் தடவை அலசிய தண்ணீரையும் சேர்த்து, பெயரும் தேதியும் எழுதிய பிளாஸ்டிக் கேனில் ஊற்றுங்கள். சிங்க்கில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. மீதமான பெர்சல்ஃபேட் வாயு விடலாம் என்பதால் காற்று வெளியேறும் மூடி போடுங்கள். துத்தநாகமோ அலுமினியமோ உள்ளே விழவே கூடாது, அமிலத்தில் அவை ஆர்செனிக்கோடு சேர்ந்தால் ஆர்சீன் என்ற கொடிய நச்சுவாயு வரும். நிறைந்ததும், அபாயகரமான கழிவுகளை எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள்.

கை பழகிய பிறகு 96 குழி மைக்ரோபிளேட்டுக்கு மாறுங்கள். அதில் ஒரு சாம்பிளுக்கு 0.1 மில்லி ஆர்செனிக் கரைசல்தான், குழாய் முறையில் விடுவதில் 25-இல் ஒரு பங்கு, கழிவு கேனும் அவ்வளவு மெதுவாகத்தான் நிறையும். பணமும் ஆளும் இருக்கும் லேப் என்றால் ஐசிபி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (தனிமங்களை நேரடியாக அளக்கும் கருவி) ஆர்செனிக்கே வேண்டாம். அங்கே சாம்பிளை அமிலத்தில் நீர்க்காமல் காரக் கரைசலில் நீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சாம்பிளின் அயோடின் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்ததில் வந்து நிற்கும்.

எண் வந்ததும் ஒரு தனி ஆளிடம் 'உங்களுக்கு அயோடின் குறைவு' என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவருடைய சிறுநீரில் அயோடின் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இது ஊருக்கான அளவு: பள்ளிக் குழந்தைகளின் இடைநிலை மதிப்பு லிட்டருக்கு 100 முதல் 199 மைக்ரோகிராம் இருந்தால் போதுமானது, கர்ப்பிணிகளுக்கு 150 முதல் 249 என்கிறது உலக சுகாதார நிறுவனம்.