கார்பனுக்கு ஐந்தாவது கை கிடையாது

மதுரையில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். கரிமச் சேர்மங்கள் பாடத்தில் மதிப்பெண்ணை அதிகம் தின்பது, கார்பனின் கைகளை, அதாவது பிணைப்புகளை, எண்ணாமல் எழுதுவதுதான்.

புரோப்பேனில் மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன். அதையே புரோப்பீனாக வரையச் சொன்னால், இரண்டு கார்பனுக்கு நடுவே இன்னொரு கோட்டை இழுத்துவிட்டு எட்டு ஹைட்ரஜனையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டு கார்பனுக்கும் இப்போது ஐந்து ஐந்து பிணைப்பு! வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரானுக்கு மேல் கார்பனுக்கு இடமில்லை. அதனால் நான்கு பிணைப்புதான். இரட்டைப் பிணைப்பு வந்தால் இரண்டு ஹைட்ரஜன் கிளம்ப வேண்டும், ஆறுதான் மிச்சம். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு கார்பன் மேலும் பென்சிலை வைத்து எண்ணிப் பாருங்கள். அரை நிமிட வேலை.

சரி, கார்பன் ஏன் நீண்ட சங்கிலியாகிறது? "நான்கு இணைதிறன் (நான்கு பிணைப்பு போடும் திறன்) இருப்பதால்" என்பது பாதி பதில். சிலிக்கானுக்கும் நான்குதானே? கார்பன் அணு சிறியது, அதன் பிணைப்பு இறுக்கமானது. கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 348 கிலோஜூல் வேண்டும். சிலிக்கான்–சிலிக்கானுக்குச் சுமார் 222 போதும். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கார்பன் இருப்பதெல்லாம் கரிமச் சேர்மம் ஆகிவிடாது. பக்கத்துச் சிவகங்கையில் வெட்டியெடுக்கும் கிராஃபைட் கார்பனேதான். ஆனால் அது தனிமம். சோடாவில் பொங்கும் கார்பன் டை ஆக்சைடும் சுண்ணாம்புக்கல்லும் கனிமக் கணக்கில் சேரும். உயிரிலிருந்து வந்தால்தான் கரிமம் என்ற பழைய நம்பிக்கையை 1828இல் வோலர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் ஆட்டிவைத்தார். அம்மோனியம் சயனேட் என்ற கனிமச் சேர்மத்திலிருந்து, சிறுநீரில் இருக்கும் யூரியா அவருக்குக் கிடைத்தது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை மணக்கிறதே, அதில் பென்சைல் அசிட்டேட் உண்டு. சென்ட்டுக்காகத் தொழிற்சாலையில் செய்வதும் அதே மூலக்கூறுதான். (பூவில் வேறு பல சேர்மங்களும் கலந்திருக்கின்றன. அதனால்தான் சென்ட் எவ்வளவு அடித்தாலும் மல்லி வைத்த மாதிரி இருப்பதில்லை.)

அப்புறம், நோட்டு தட்டை என்பதற்காக மூலக்கூறையும் தட்டையாக்காதீர்கள். மீத்தேனைக் கூட்டல் குறி போல வரைந்துவிட்டுக் கோணம் 90 டிகிரி என்கிறார்கள். அது நான்முகி (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்), 109.5 டிகிரி. ஒரு பையன் டைகுளோரோமீத்தேனில் (ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு குளோரின்) குளோரின்களை அடுத்தடுத்துப் போட்டு ஒன்று, எதிரெதிரே போட்டு ஒன்று வரைந்து, "ரெண்டு மாற்றியம் சார்" (ஒரே அணுக்கள், வேறு அமைப்பு) என்று அடம்பிடித்தான். காகிதத்தைப் பார்த்தால் அவன் சொல்வது சரிதான். ஓர் எலுமிச்சம்பழத்தில் நான்முகியாக நான்கு தீக்குச்சிகளைக் குத்தி, இரண்டை மருந்தோடும் இரண்டை மருந்தில்லாமலும் வைத்துக் கொடுத்தேன். குச்சிகளை இடம் மாற்றிக் குத்தி, பழத்தை உருட்டி உருட்டிப் பார்த்தான். "ஒன்னுதான் சார் வருது."