ஓசிடி மாத்திரையின் முதல் 12 வாரங்கள்

பூட்டிய கதவை ஒரே இரவில் 17 முறை இழுத்துப் பார்த்தவன் நான். எனக்கு ஓசிடி: வேண்டாத எண்ணம் ஓயாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநலக் கோளாறு. அதற்கான செர்ட்ரலின் மாத்திரையை 50 மில்லிகிராமில் தொடங்கியபோது ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பினேன். ஆறாம் நாள் குமட்டலும் தூக்கமின்மையும்தான் மிச்சம். நானே மாத்திரையை நிறுத்திவிட்டேன். மறுபடி தொடங்க 4 மாதம் ஆனது. அந்த 4 மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது.

முதலில், தலைக்குள் என்ன நடக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். கண்களுக்கு மேலே இருக்கும் மூளையின் முன்பகுதி 'ஏதோ சரியில்லை' என்கிறது. அந்தச் செய்தி ஆழத்தில் உள்ள காடேட், தாலமஸ் என்ற பகுதிகள் வழியாகச் சுற்றி மறுபடி முன்பகுதிக்கே வருகிறது. ஓசிடியில் இந்தச் சுற்று அளவுக்கு மீறி ஓடுகிறது. பூட்டியது நன்றாகத் தெரிந்தும் 'பூட்டினேனா?' என்ற கேள்வி ஓயாதது அதனால்தான். மன உறுதி இல்லாததால் அல்ல. இது புரிந்த அன்று நான் அழுதுவிட்டேன்.

நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரடோனின் என்ற ரசாயனத்தை நரம்பு செல் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை மாத்திரை தடுக்கிறது. அந்தத் தடுப்பு சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். ஆனால் மூளை அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ள வாரக்கணக்கில் ஆகும். ஓசிடிக்கு 8 முதல் 12 வாரம் வரை பொறுத்துப் பார்ப்பது வழக்கம். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அதிக டோஸும் பெரும்பாலும் தேவைப்படும். அதை ஏற்றுவது மருத்துவர் மட்டுமே.

இரண்டாம் முறை தொடங்கியபோது ஒரு நோட்டு போட்டேன். 'இன்று எப்படி இருக்கிறது?' என்று மனதைக் கேட்காதீர்கள், அது பயத்தில்தான் பதில் சொல்லும். கதவுக்கு எத்தனை நிமிடம் போனது என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் முதல் வாரம் 45 நிமிடம், ஐந்தாம் வாரமும் 40. பத்தாம் வாரம்தான் 15 ஆனது. தினமும் எழுதியிராவிட்டால் ஐந்தாம் வாரத்திலேயே கைவிட்டிருப்பேன்.

கூடவே ஈஆர்பி பயிற்சியும் கேளுங்கள். பயத்தைத் தூண்டுவதை எதிர்கொண்டு, சரிபார்க்காமல் இருக்கப் பழகும் சிகிச்சை அது. 1992இல் லூயிஸ் பாக்ஸ்டர் என்ற ஆய்வாளரின் குழு, மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் பெட் ஸ்கேனை ஓசிடி உள்ளவர்களுக்கு எடுத்துப் பார்த்தது. செர்ட்ரலின் வகையைச் சேர்ந்த ஃபுளூவாக்ஸெட்டின் மாத்திரையால் தேறியவர்களிடமும், மாத்திரையே இல்லாமல் ஈஆர்பி போன்ற நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களிடமும், வலப்பக்கக் காடேட்டின் மிகை இயக்கம் குறைந்திருந்தது. நான் இரண்டையும் சேர்த்தே செய்தேன்: ஒரு முறை பூட்டு, பத்து நிமிடம் கதவுப் பக்கம் திரும்பாதே.

குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குறையும், சாப்பிட்ட பின் மாத்திரையைப் போட்டுப் பாருங்கள். பதற்றம் கூடினாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். இளம் வயதினரின் வீட்டார் முதல் வாரங்களில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், தேறியதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம், நோயும் திரும்பலாம். தேறிய பின்பும் குறைந்தது ஒரு வருடம் தொடரச் சொல்வார்கள். அதன் பிறகும் டோஸைப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். என் நோட்டு இப்போது மூன்றாவது, நேற்று எழுதியது 2 நிமிடம்.