வடசென்னைல இருந்து பழவேற்காடு: மதிய சாப்பாட்ட நடுவுல வச்சு ஒரு நாள் ட்ரைவ் ப்ளான் பண்றது எப்படி

லாங் ட்ரைவ்னு சொன்னாலே நம்ம பக்கத்துப் பசங்க கூட ஈசிஆர் தான் சொல்றாங்க. தண்டையார்பேட்டைலயும் வியாசர்பாடிலயும் குடியிருந்துட்டு, பாரிஸ் கார்னர், அடையார், திருவான்மியூர்னு சிக்னல் சிக்னலா நின்னு ஊரத் தாண்டுறதுக்குள்ளயே பாதி தெம்பு போய்டுது. அதே நேரத்துக்கு வண்டிய வடக்கால திருப்புனா வயலு, பனமரம், தாமரைக் குளம் எல்லாம் தாண்டி பழவேற்காடு ஏரிக்கரைல போய் நின்னுடலாம். ஒடிசாவுல இருக்கற சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவுலயே பெரிய உப்பங்கழி ஏரி நம்ம வாசலுக்கு வெளிய இருக்கு, அத விட்டுட்டு எங்கெங்கயோ போறோம்ங்கறது எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கற ஆதங்கம்.

நான் சொல்ற முறை ஒண்ணே ஒண்ணுதான். எத்தன மணிக்கு கெளம்பலாம்னு யோசிக்காதீங்க, எத்தன மணிக்கு எங்க இலை போடணும்னு மொதல்ல முடிவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுல இருந்து பின்னாடி பின்னாடி கணக்குப் போட்டா தானா வந்துடும். பழவேற்காட்டுக்கு அந்த நேரம் பன்னண்டரை. ஏன்னா அங்க இருக்கறதெல்லாம் சின்ன சின்ன மெஸ்ஸு, அளவாதான் பொங்குவாங்க, ரெண்டு மணிக்கு ஆடி அசைஞ்சு போனா சோறு இருக்கும் ரசம் இருக்கும், நண்டு இருக்காது. நண்டு இல்லாம பழவேற்காட்டுல சாப்ட்டுட்டு வர்றதுக்கு வீட்டுலயே சாப்ட்டுக்கலாம்.

பன்னண்டரைக்கு இலைன்னா ஒம்பதரைக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும், மீன் வாங்கி சமைக்கக் குடுக்கணும்ல. வழில ஒரு கோயிலு, நாஷ்டா எல்லாம் சேத்தா ஆறரைக்கு வண்டி வீட்ட விட்டு கெளம்பிடணும். மொத்த தூரம் அம்பத்தஞ்சு, அறுபது கிலோமீட்டருக்குள்ளதான், அவசரமே வேணாம்.

வழி ரெண்டு இருக்கு. திருவொற்றியூர், மணலி, மீஞ்சூர்னு போற ரோடு பாக்கறதுக்கு கிட்டதான், ஆனா துறைமுகத்துக்குப் போற கண்டெய்னர் லாரி வரிசையா நிக்கும், காத்தாலயே தூசியும் ஹாரனும் தின்னுட்டுப் போகணும், குடும்பத்தோட போறப்ப அந்த வழி வேணாம்னுதான் நான் சொல்லுவேன். மூலக்கடை, மாதவரம் ரவுண்டானா, ரெட்ஹில்ஸ், அங்க இருந்து கொல்கத்தா ஹைவேல சோழவரம், காரனோடைனு போய் தச்சூர் கூட்ரோட்டுல வலது பக்கம் திரும்பி பொன்னேரி, அதுதான் நல்ல வழி. நல்லூர் டோல்ல பாஸ்டேக்ல காசு இருக்கான்னு முந்துன நாளே பாத்துக்கங்க. சோழவரம் தாண்டுறப்ப கூட வர்ற சின்னப் பசங்ககிட்ட சொல்லுங்க, ரெண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்துலதான் இங்க வருஷக்கணக்கா கார் ரேஸும் பைக் ரேஸும் நடந்துச்சுன்னு, இருங்காட்டுக்கோட்டை ட்ராக் எல்லாம் அப்பறம்தான் வந்துச்சு.

கெளம்புற நாள் முக்கியம். செவ்வாக்கிழம வேணவே வேணாம், சொந்த வீடு வேணும்னு வேண்டிக்கிட்டு சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு போற கூட்டம் ஹைவேலயே தேங்கி நிக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கடல்ல மீன்பிடி தடைக்காலம், பெரிய போட்டு எதுவும் போகாது, ஏரில சின்ன படகு போகும்தான் ஆனா அந்த ரெண்டு மாசம் வெயிலும் மண்டையப் பொளக்கும். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடுற நாளா இருந்தா இன்னொரு கணக்கு, அந்தத் தீவுதான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா கிடக்குது, அதனால ராக்கெட் ஏறுறது பழவேற்காட்டுல இருந்தே தெரியும், ஆனா அன்னிக்கு கடலுக்குப் போக கட்டுப்பாடு இருக்கும், மீனு, நண்டு கம்மியா வரும். ராக்கெட்டா நண்டான்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. என்னைக் கேட்டா தை, மாசிதான் சொல்லுவேன். மழ முடிஞ்சிருக்கும், வயலு பச்சையாவோ அறுப்பாவோ இருக்கும், பூநாரையும் ஏரில நிக்கும்.

தச்சூர் கூட்ரோட்டுல திரும்புன கொஞ்ச நேரத்துலயே ஆண்டார்குப்பம். இங்க முருகன் ரெண்டு கையையும் இடுப்புல வச்சுக்கிட்டு அதிகாரமா நிப்பாரு, காத்தால பாலனா, உச்சில இளைஞனா, சாயந்தரம் பெரியவரா தெரிவாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. அதனாலதான் நான் போறப்ப ஒரு தடவ, வர்றப்ப ஒரு தடவ வண்டிய நிறுத்த சொல்றது. மத்தியானம் நடை சாத்திடுவாங்க, திரும்பி வர்றப்ப நாலரைக்கு மேல ஆகற மாதிரி பாத்துக்கங்க.

நாஷ்டா பொன்னேரில முடிச்சுடுங்க. ஆளுக்கு நாலு இட்லி போதும், பூரி மசாலா அது இதுன்னு போனீங்கன்னா பன்னண்டரைக்கு பசிக்காது, அப்பறம் இவ்ளோ ப்ளான் பண்ணதுக்கே அர்த்தம் இல்லாம போய்டும். பெட்ரோலும் இங்கயே போட்டுடுங்க. பொம்பளைங்க, வயசானவங்க கூட இருந்தா பங்க்குல பாத்ரூம் சுத்தமா இருக்கான்னு பாத்து இங்கயே போய்ட்டு வரச் சொல்லிடுங்க, ஏரிக்கரைக்குப் போய்ட்டா அதுக்குத் தேட வேண்டியிருக்கும், இத யாரும் முன்கூட்டி சொல்ல மாட்டாங்க, பாவம் அவங்கதான் தண்ணி குடிக்காம நாள் பூரா உக்காந்திருப்பாங்க.

பொன்னேரில இருந்து பழவேற்காடு வரைக்கும் இருக்கற அந்த இருவது கிலோமீட்டர் சொச்சம்தான் நிஜமான ட்ரைவு. ஏசிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய எறக்குங்க. கிழக்கால போறதால காலைல வெயிலு மூஞ்சிக்கு நேரா அடிக்கும், ஓட்டுறவங்க கூலிங் கிளாஸ் எடுத்துக்கங்க. ரோடு குறுகல், எருமை குறுக்க வரும், அறுப்பு சீசன்ல ரோட்டுலயே பாதிக்கு நெல்லு காயப் போட்டிருப்பாங்க, அது மேல ஏத்தாம மெதுவா ஒதுங்கிப் போங்க, வருஷம் பூரா பாடுபட்டது அது. நடுவுல திருப்பாலைவனம்னு ஒரு ஊரு, பழைய சிவன் கோயில், குளத்தோரம் நின்னு காத்து வாங்க அருமையான எடம். பனமரம் ரெண்டு பக்கமும் வரிசையா வர ஆரம்பிச்சு, காத்துல உப்பு வாசனை அடிச்சா வந்துட்டோம்னு அர்த்தம்.

இப்ப சாப்பாடு. முந்துன நாளே போன் போட்டு சொல்லிடறது நல்லது. "அக்கா, நாளைக்கு ஆறு பேர் வர்றோம், நண்டு ஆக்கித் தருவீங்களா?"ன்னு கேட்டா "ஏரில என்ன வருதுன்னு காத்தாலதான்பா தெரியும், வந்துட்டு சொல்லு, நல்லா இருந்தா நண்டு, இல்லன்னா எறா போட்டுத் தரேன்"னு தான் பதில் வரும். அந்த மாதிரி சொல்றவங்கதான் நல்லவங்க. என்ன கேட்டாலும் இருக்குன்னு சொல்ற எடத்துல ஐஸ்ல வச்சது இருக்கும். ஏரில யார் என்னிக்கு எந்த எடத்துல வலை போடறதுன்னு மீனவங்க அவங்களுக்குள்ள முறை வச்சு பாடுன்னு பிரிச்சு வச்சிருக்காங்க, தினம் ஒரே மாதிரி கிடைக்காது, அத மதிச்சுதான் நம்ம மெனுவ நாம போடணும்.

நீங்களே வாங்கி சமைக்கக் குடுக்கறதா இருந்தா மார்க்கெட்டுல நண்டு எடுக்கறப்ப அவசரப்படாதீங்க. ஒரே சைஸ்ல ரெண்ட கைல தூக்கிப் பாருங்க, எது கனமா இருக்கோ அதுலதான் சதை. திருப்பிப் போட்டா வயித்துல ஒரு மடிப்பு தெரியும், கூம்பா ஒல்லியா இருந்தா ஆணு, அகலமா அரைவட்டமா இருந்தா பொண்ணு. கொடுக்குல சதை வேணும்னா ஆணு, சினை வேணும்னா பொண்ணு. அப்பறம் கால் சேர்ற எடத்துகிட்ட ஓட்டக் கட்டைவிரலால அமுக்குங்க, அமுங்குச்சுன்னா அது இப்பதான் ஓடு உரிச்ச நண்டு, உள்ள தண்ணிதான், வேணாம்னு வச்சிடுங்க. பச்ச நண்டு உயிரோட இருந்தா கொடுக்கக் கயித்தால கட்டிதான் வச்சிருப்பாங்க, போட்டோவுக்காக அத அவுக்காதீங்க, விரலே போய்டும். நண்டு சரியில்லன்னா மடவை மீன் கேளுங்க, அந்த ஏரிக்குன்னே பேர் வாங்குன மீனு, குழம்புக்கு அப்படி ஒரு ருசி. கொடுவா கிடைச்சா வறுவலுக்கு. சமைக்கற கூலி எவ்ளோன்னு மொதல்லயே பேசிடுங்க, மசாலா காரம் பசங்களுக்குக் கம்மியா வேணும்னா அதையும் அப்பவே சொல்லிடுங்க, கொதிச்ச அப்பறம் சொல்லி என்ன பண்றது.

ஆறு பேருக்கு மேல போறீங்கன்னா வீட்டுல இருந்து வாழ இலையும், கைக்குத் துடைக்கத் துண்டும், பத்து லிட்டர் தண்ணியும் எடுத்துக்கங்க. நண்டு சாப்பிட நேரம் எடுக்கும், ஒரு மணி நேரத்துக்குக் கம்மியா முடிக்கணும்னு நெனைக்காதீங்க. மொதல்ல சோத்துல குழம்பு ஊத்தி சாப்ட்டுட்டு அப்பறம் நண்ட உடைக்கலாம்னு வைக்காதீங்க, சூடா இருக்கறப்பவே கால ஒண்ணொண்ணா உடைச்சு உறிஞ்சிடணும், சோறு காத்திருக்கும். கடைசில அந்த ஓட்டுக்குள்ள தேங்கி நிக்கற குழம்புல ஒரு உருண்ட சோத்தப் போட்டு பெரட்டி வாய்ல வச்சு பாருங்க, அதுக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தது.

சமையல் ஆகற வரைக்கும் ரெண்டு, ரெண்டரை மணி நேரம் இருக்கும். டச்சுக்காரங்க கல்லறைக்குப் போங்க, மார்க்கெட்டுல இருந்து நடக்கற தூரம். வாசல்லயே ரெண்டு பக்கமும் எலும்புக்கூட்ட கல்லுல செதுக்கி நிறுத்தியிருப்பாங்க, உள்ள 1600கள்ல செத்தவங்களோட கல்லறைக் கல்லு எல்லாம் எழுத்து வேலப்பாடோட அப்படியே இருக்கு. 1613லயே அவங்க இங்க ஜெல்ட்ரியா கோட்டைய கட்டிட்டாங்க, நம்ம ஜார்ஜ் கோட்டைக்கு நிலம் கிடைச்சதே 1639லதான், அப்படின்னா இந்த ஊரு எவ்ளோ பெரிய ஊரா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கோட்டைல இப்ப பாக்கறதுக்கு ஒண்ணும் பெருசா இல்ல, புதருதான், அங்க நேரம் போக்க வேணாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயில்ல ராமாயணத்த கையளவு கையளவா செம்புராங்கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, அதுக்கு அர மணி நேரம் குடுக்கலாம். பனை ஓலைக் கூடை, பொட்டி விக்கற பொம்பளைங்ககிட்ட பேரம் பேசாம ஒண்ணு வாங்குங்க, ஒரு கூடை முடையறதுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பக்கத்துல குந்தி ஒரு தடவ பாத்தா பேரம் பேச மனசே வராது.

பாலத்தத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போய் கடல பாத்துட்டு வரலாம், ஆனா பாக்கறதோட நிறுத்திக்கங்க, முகத்துவாரம் பக்கத்துல இழுப்பு ஜாஸ்தி, பசங்கள எறக்காதீங்க. படகுல கூட்டிட்டுப் போறேன்னு யாராவது கூப்ட்டாலும் வேணாம். 2011 கிறிஸ்மஸ் அன்னிக்கு இங்க படகு கவுந்து இருவது பேருக்கு மேல செத்துப் போனாங்க. பூநாரை பாக்கணும்னா பைனாகுலர் எடுத்துட்டுப் போய் கரைல இருந்தே பாருங்க, தண்ணி கம்மியா இருக்கற எடத்துல தூரத்துல ரோஸ் கோடு மாதிரி நிக்கும், எல்லாம் ஒண்ணா தலைய தண்ணிக்குள்ள விட்டு மேயும்.

சாப்ட்டுட்டு உடனே ஸ்டியரிங் புடிக்காதீங்க. ஒரு மணி நேரமாச்சும் நிழல்ல சாஞ்சுட்டு, மூணு மூணரைக்கு கெளம்புங்க. ஓட்டுறவங்களுக்கு இந்தத் தூக்கம் கண்டிப்பா வேணும். ஞாயித்துக்கிழமையா இருந்தா ஆந்திரா பக்கத்துல இருந்து ஊருக்குத் திரும்புற வண்டி எல்லாம் ஆறு மணிக்கு மேல ஹைவேல குவியும், அதுக்கு முன்னாடி ரெட்ஹில்ஸ் தாண்டிட்டா பேஜாரு இல்ல. கருவாடு வாங்கியிருந்தா மூணு கவர் போட்டு டிக்கில வைங்க, இல்லன்னா ஒரு வாரத்துக்கு வண்டிக்குள்ள உக்கார முடியாது.

வீட்டுல கவுச்சி சாப்பிடாதவங்க ஜாஸ்தின்னா இதே முறைல வேற ரூட்டு போடுங்க. ரெட்ஹில்ஸ் தாண்டி ஜனப்பன்சத்திரத்துல இடது பக்கம் திரும்பி பெரியபாளையம், ஊத்துக்கோட்டை. ஆடி மாச ஞாயிறு மட்டும் அந்தப் பக்கம் வேணாம், பவானி அம்மனுக்கு வேப்பிலை கட்ட நம்ம வடசென்னையே அங்கதான் இருக்கும். ஊத்துக்கோட்டைய ஒட்டியே ஆந்திராவுல சுருட்டப்பள்ளி, சிவன் படுத்த கோலத்துல அம்பாள் மடில தலை வச்சிருக்கற கோயிலு, பிரதோஷம் அன்னிக்கு போனா நகர முடியாது. இன்னும் கொஞ்ச தூரம் மலைய பாத்துக்கிட்டே போனா நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் அவங்க அம்மா பேர்ல உண்டாக்குன ஊருன்னு சொல்லுவாங்க, வேதநாராயணப் பெருமாள் மச்ச அவதாரமா இருக்காரு. கோயில் சாத்தறதுக்கு முன்னாடி பாத்துட்டு, அந்தப் பக்கமே ஆந்திரா மீல்ஸ் போடற எடத்துல உக்காந்து பருப்புப்பொடி, நெய், கோங்குரான்னு சாப்பிடுங்க. திரும்பறப்ப ஊத்துக்கோட்டைல இருந்து பூண்டி வழியா திருவள்ளூர் வந்தீங்கன்னா 1944ல கட்டுன சத்தியமூர்த்தி சாகர் அணைய சாயந்தர வெளிச்சத்துல பாக்கலாம். மெட்ராஸுக்குத் தண்ணி சேத்து வைக்கத்தான் இத கட்டுனாங்க, இப்ப ஆந்திராவுல இருந்து வர்ற கிருஷ்ணா தண்ணியும் இங்கதான் வந்து விழுது. கூட வர்ற பசங்களுக்கு வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி எங்க இருந்து கெளம்புதுன்னு காட்ட இத விட நல்ல எடம் இல்ல. வெளியூர் டாக்ஸி எடுத்துட்டுப் போறீங்கன்னா ஆந்திரா பர்மிட் இருக்கான்னு மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி டிரைவரண்ணன்கிட்ட கேட்டுக்கங்க.